எங்கே படுத்தாலும் தூக்கம் வரும்!

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது பழமொழி. விருந்து ஒரு பக்கம் வரும், மருந்து ஒரு பக்கம் வரும் என்று எண்ணித்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைய சென்னையில் இரண்டும் ஒரே வாடகைக் காரில் வந்து இறங்குகின்றன!

ஆயிரம் விளக்குப் பக்கம், கிரீம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் ஒரு நாள் நடந்து பாருங்கள். வங்காளி எழுத்தில் பெயர்ப் பலகைகள் தொங்கும். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இதே காட்சிதான். வங்காளத்திலிருந்தும், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் பங்களாதேஷிலிருந்தும் வைத்தியத்துக்காக வருகிறவர்கள் எத்தனையோ பேர். பத்து நாள் ஹோட்டலில் தங்கினால் கட்டாது. ஆகவே அடுக்குமாடிக் கட்டடத்தில் சின்னதாக ஒரு வீட்டை நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். மார்கழி பிறந்தால் மயிலாப்பூரில் கச்சேரி கேட்க வரும் வெளிநாட்டுத் தமிழர்களும், முகூர்த்த நாள் வந்தால் கலியாண வீட்டு உறவினர்களும் இப்படியே செய்கிறார்கள்.

"ஒரு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை. நான்கு பேர் தங்கலாம்" என்று விளம்பரம் சொல்லும். படுக்கையறைக் கட்டிலில் இரண்டு பேர், சரி. பாக்கி இரண்டு பேர்? அவர்களுக்காகத்தான் கூடத்தில் ஒரு ஸோபா போட்டிருக்கிறது. பகலில் ஆசனம், இரவில் கட்டில். கடைக்காரர்கள் பாஷையில் அதற்கு 'ஸோபா-கம்-பெட்' என்று பெயர். நாம் ஸோபாக் கட்டில் என்றே வைத்துக்கொள்வோம்.

இரவு ஒன்பதரை மணிக்கு அந்த வீட்டில் ஒரு சிறு மகாநாடு கூடும். யார் எங்கே படுப்பது? நோயாளிக்குக் கட்டில் என்பதில் தர்க்கம் கிடையாது. அடுத்த இடத்துக்குச் சிறிது நேரம் உபசார யுத்தம் நடக்கும். "நீ உள்ளே படு", "இல்லை, நீங்கள் படுங்கள்" என்று இரண்டு சுற்று ஆனதும் ஒருவர் எழுந்து, "எனக்கென்ன, எங்கே படுத்தாலும் தூக்கம் வரும்" என்று தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார்.

எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. பெரும்பாலும் அது தாயார். சில வீடுகளில் மூத்த மகள். சில இடத்தில் மாமா. கலியாணமானால் அவர்தான் சாமான் அறைச் சாவியை இடுப்பில் செருகியிருப்பவர். ஆஸ்பத்திரியானால் அவர்தான் மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பைலைக் கையில் பிடித்து வரிசையில் நிற்கப் போகிறவர். டாக்டர் சொல்லும் ஏழு மருந்துகளில் எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று நினைவு வைத்துக்கொள்ளப் போகிறவரும் அவரே. சுருக்கமாகச் சொன்னால், அந்த வீட்டில் யாருக்கு நல்ல தூக்கம் மிகவும் அவசியமோ, அவரிடந்தான் மிக மோசமான படுக்கை போய்ச் சேருகிறது.

ஆகவே வீட்டை வாடகைக்கு விடுகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது படுக்கையறைக் கட்டிலையல்ல, கூடத்து ஸோபாவை.

திண்ணை போய் ஸோபா வந்தது

ஒரே இடம் பகலில் ஒன்று, இரவில் ஒன்று என்பது நமக்குப் புதிய சங்கதி அல்ல. பழைய வீட்டுத் திண்ணையில் பகலில் வழக்குப் பேசினார்கள். இரவில் வழிப்போக்கர் படுத்தார். தலை வைத்துக்கொள்ள ஒரு பக்கம் சரிவாக மேடு கட்டிய திண்ணைகள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. உள்ளே கூடத்தில், சாப்பாட்டுக் கடை முடிந்ததும் வரிசையாகப் பாய்கள் விரியும். விடிந்ததும் சுருண்டு மூலையில் நிற்கும். அந்தக் கோரைப் பாயில் ஒரு பெரிய சௌகரியம், ஐந்து வயதுக் குழந்தைகூட அதை விரித்துவிடும். இயந்திரம் எதுவும் கிடையாது.

மடக்குக் கட்டிலுக்கு இயந்திரம் சேர்த்தவர்கள் மேல்நாட்டார். 1885-ஆம் வருஷம் ஸிகாகோ நகரில் ஸாரா குட் என்ற கறுப்பினப் பெண்மணி ஒரு கட்டிலுக்குப் பேடண்ட் உரிமை வாங்கினார். தட்டுமுட்டுச் சாமான் கடை வைத்து நடத்தியவர் அவர். மடக்கினால் அவருடைய கட்டில் எழுதுமேஜை ஆகிவிடும். காகிதம் பேனா வைக்க அறைகள்கூட உண்டு. சின்ன வீட்டில் இடமில்லையே என்று சொன்னவர்களுக்காக அவர் கண்ட வழி அது.

ஸான்பிரான்ஸிஸ்கோவில் வில்லியம் மர்ஃபி என்பவர் கட்டிலைத் தூக்கிச் சுவரோடு நிறுத்தினார். அவர் இருந்தது ஒற்றை அறையில். காதலித்ததோ ஒரு பாடகியை. ஆண்பிள்ளையின் படுக்கையறைக்குள் பெண் வருவது மரியாதை அல்ல என்று இருந்த காலம். கட்டில் மறைந்தால் படுக்கையறை கூடமாகிவிடும் அல்லவா? அதற்காகவே அவர் அதைச் செய்தார் என்று ஒரு கதை வழங்குகிறது.

நாம் இன்று காணும் ஸோபாக் கட்டிலை அமெரிக்க வீடுகளில் பிரபலப்படுத்தியவர் பெர்னார்ட் காஸ்ட்ரோ. இவர் ஸிஸிலித் தீவில் பிறந்தவர். 1931-இல் நியூயார்க்கில் கடை ஆரம்பித்தார். 1948-இல் டெலிவிஷன் விளம்பரத்தில் தம் நான்கு வயது மகள் பெர்னடெட்டை நிறுத்தி, அந்தச் சிறுமியே ஸோபாவை இழுத்துக் கட்டிலாக்குவதைக் காட்டினார். விற்பனைக்குக் கேட்க வேண்டுமா?

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயமும் ஸான்பிரான்ஸிஸ்கோவில்தான் நடந்தது. 2007 அக்டோபரில் அங்கே ஒரு மகாநாடு, ஹோட்டல்களில் இடமில்லை. வீட்டு வாடகை கட்டத் திண்டாடிய இரண்டு இளைஞர்கள், பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும், தங்கள் கூடத்தில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு, இரவுக்கு 80 டாலர் வீதம் மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். உலகம் முழுவதும் இன்று வீடுகளை நாள் வாடகைக்குப் பிடித்துத் தரும் 'ஏர்பிஎன்பி' அந்த மெத்தையிலிருந்து பிறந்தது. பெயரிலுள்ள 'ஏர்' காற்று மெத்தையைக் குறித்ததுதான். ஆக, இந்த வியாபாரத்துக்கு மூலபுருஷனே கூடத்துப் படுக்கைதான்!

மூன்று ரகம், மூன்று குறை

நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை மூன்று ரகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. குறை எங்கே என்று தெரிந்தால் பரிகாரம் சுலபம்.

முதலாவது இழுப்பு ரகம். உட்காரும் மெத்தைகளை எடுத்துவிட்டு இழுத்தால், உள்ளே மூன்றாக மடிந்திருக்கும் இரும்புச் சட்டம் மெத்தையோடு வெளியே வரும். மடிய வேண்டியிருப்பதால் இந்த மெத்தை நான்கு ஐந்து அங்குலத்துக்கு மேல் கனமாக இருக்க முடியாது. மடியும் இடத்தில் குறுக்கே ஓடும் கம்பி, படுப்பவரின் இடுப்புக்கு நேராக வரும். நள்ளிரவுக்கு மேல் அது தன் இருப்பைத் தெரிவித்துக்கொள்ளும்.

இரண்டாவது சாய்வு ரகம். முதுகுச் சாய்மானத்தை முன்னால் தள்ளி, 'கிளிக்' என்று சத்தம் கேட்டதும் பின்னால் விட்டால் 'கிளாக்' என்று படுத்துவிடும். 'கிளிக்-கிளாக்' என்றே இதற்குப் பெயர். இதில் கம்பி தொல்லை இல்லை. ஆனால் ஆசனமும் சாய்மானமும் சேரும் இடத்தில் தலை முதல் கால் வரை ஒரு பள்ளம் ஓடும். ஒருவர் மட்டும் படுத்தால் தூக்கத்தில் உருண்டு நேரே அந்த வாய்க்காலில் போய்ச் சேருவார்.

மூன்றாவது, ஆசனத்துக்கு அடியிலிருந்து மேஜை டிராயர் மாதிரி பலகையை இழுத்து, மேலே மெத்தைகளை அடுக்கும் ரகம். உறுதியானதுதான். ஆனால் இரண்டு மூன்று துண்டுகள் சேர்ந்து ஒரு மெத்தையாவதால் மேடு பள்ளம் தட்டும். புரண்டு படுத்தால் துண்டுகள் பிரிந்து நகரும்.

மூன்றுக்கும் பொதுவான மருந்து ஒன்றுதான்: மேலே ஒரு முழு மெத்தை. இரண்டு அங்குலக் கனத்தில் இலவம் பஞ்சு மெத்தை தைக்கச் சொல்லுங்கள். சுருட்டி நாடாவால் கட்டினால் பரணிலோ அலமாரியிலோ அடங்கிவிடும். சென்னை வெயிலுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஸோபாவில் இருக்கும் ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; பஞ்சு அவ்வளவு சுடாது. மாதம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்டினால் மறுபடி உப்பிக்கொள்ளும். தென்னை நார் மெத்தை முதுகுக்கு நல்லதுதான். ஆனால் அது சுருளாது, மடியாது. இந்த வேலைக்கு உதவாது.

இழுப்பு ரகத்தில் ஸ்பிரிங் தளர்ந்து நடுவில் தொய்ந்திருந்தால், மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே மெல்லிய ஒட்டுப்பலகை வைக்கலாம். சட்டம் மடிவதற்குத் தக்கபடி அதைத் துண்டுகளாக அறுத்துத் துணியால் இணைத்துக்கொள்ள வேண்டும். சாய்வு ரகத்தின் வாய்க்காலுக்கு நம் வீட்டிலேயே மருந்து இருக்கிறது: பழைய நூல் புடவை. நீளவாக்கில் மடித்துத் திரித்துப் பள்ளத்தில் நிரப்பி, அதற்குமேல் பஞ்சு மெத்தையை விரித்தால் பள்ளம் இருந்த இடமே தெரியாது.

கீல்களையும் மறந்துவிடக் கூடாது. இரவு இரண்டு மணிக்கு ஒருவர் புரண்டால் வீடு முழுவதும் 'கிரீச்' என்று கேட்கக் கூடாதல்லவா? மாதம் ஒருமுறை திருகாணிகளை முடுக்கி, கீல்களில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் வெள்ளை விரிப்பில் கறை ஏறும்.

வழுக்காத விரிப்பு

விரிப்பில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஸோபாக் கட்டிலில் பாதித் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

கடைகளில் விற்கும் எலாஸ்டிக் வைத்த விரிப்புகள் ஆறு எட்டு அங்குல மெத்தைக்காகத் தைத்தவை. நான்கு அங்குல மெத்தையில் அவை தொளதொளவென்று கிடக்கும். நீளத்திலும் வித்தியாசம் உண்டு. படுக்கையறைப் பெரிய கட்டில் 78 அங்குலம் என்றால், இழுப்பு ரக மெத்தை பெரும்பாலும் 72 அங்குலந்தான். ஆகவே டேப்பை வைத்து நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து, அந்த அளவுக்கே நூல் துணியில் இரண்டு விரிப்பு தைத்துவிடுவது உத்தமம். ஒன்று கட்டிலில், ஒன்று துவைக்கிற இடத்தில்.

ஸோபா ரெக்ஸினாலோ தோலாலோ ஆனதென்றால் வெறும் விரிப்பைப் போடவே போடாதீர்கள். பத்து நிமிஷத்தில் அது வழுக்கிக் கால்மாட்டில் சுருண்டுவிடும். அப்புறம் வியர்வையும் ரெக்ஸினும் ஒட்டிக்கொள்ளும். முதலில் ஒரு பவானி ஜமக்காளம், அதன்மேல் பஞ்சு மெத்தை, அதன்மேல் விரிப்பு. ஜமக்காளம் சொரசொரப்பாக இருப்பதால் மேலே இருப்பதை நகர விடாது. குழந்தைகள் வரும் வீடென்றால் மெத்தைக்குக் காப்பு உறை வேண்டும். முழுப் பிளாஸ்டிக்கில் வாங்கினால் சலசலக்கும், புழுங்கும். மேலே துணி வைத்து அடியில் மட்டும் நீர் புகாதபடி செய்ததாக வாங்குங்கள்.

ஆளுக்கு இரண்டு தலையணை, ஒரு போர்வை. இழுப்பு ரகத்தில் மெத்தைக்கும் ஸோபாவின் முதுகுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். இரவில் தலையணை அதில் விழுந்து மாயமாகிவிடும். ஸோபாவிலிருந்து எடுத்த நீள மெத்தை ஒன்றை அங்கே செருகி வைத்தால் பிரச்னை தீர்ந்தது. மற்ற மெத்தைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். தரையில் போட்டால், இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கும் பாட்டி அதில் இடறி விழுவார்.

இவ்வளவையும் ஒரே பையில் போட்டு, ஸோபாவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். படுக்கையறை அலமாரியில் வைத்தால், பத்து மணிக்கு நோயாளி தூங்கிய பிறகு கதவைத் தட்டத் தயங்கி, "போர்வை இல்லாவிட்டால் என்ன!" என்று கூடத்தார் முடங்கிவிடுவார். அவர்தான் எங்கே படுத்தாலும் தூங்குகிறவர் ஆயிற்றே!

அழையா விருந்தாளி

காசு கொடுத்து வரும் விருந்தாளியோடு, காசு கொடுக்காமல் அவர் பெட்டியிலேயே வரும் விருந்தாளி ஒன்று உண்டு. மூட்டைப்பூச்சிதான். மடிப்பும் இடுக்கும் இருட்டும் அதற்குப் பிடித்தமானவை. ஸோபாக் கட்டிலில் இவற்றுக்கு என்ன பஞ்சம்? சாப்பாடில்லாமல் பல மாதம் உயிர் வாழக் கூடிய ஜந்து அது. வீட்டைப் பூட்டி வைத்தால் செத்துப்போகும் என்று நினைப்பது வீண்.

ஒவ்வொரு குடும்பம் காலி செய்ததும் கட்டிலை முழுவதும் விரித்து, டார்ச்சு விளக்கோடு பாருங்கள். மெத்தையின் தையல், சட்டம் மடியும் மூலை, அடியில் அடித்திருக்கும் துணி ஆகிய இடங்களில் பேனா மை சிந்தினாற்போல் சிறு கறும்புள்ளிகள் தெரிந்தால் அதுதான் அடையாளம். விரிப்பு, உறை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பூச்சியும் முட்டையும் பிழைப்பதில்லை. பூச்சி சட்டத்துக்குள்ளேயே குடியேறிவிட்டதென்றால் மருந்தடிக்கும் ஆட்களைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்லும் வரையில் வீட்டை யாருக்கும் கொடுக்காமல் இருப்பதே யோக்கியம். ஒரு வார வாடகை போனால் போகிறது. நோயாளி இருக்கும் வீட்டுக்கு நம் வீட்டுப் பூச்சியை அனுப்பி வைப்பது பாவம்.

வாசனைக்காகவும் பூச்சிக்காகவும் அந்துருண்டை போடும் வழக்கம் சிலருக்கு உண்டு. மூடிய கட்டிலுக்குள் அந்த நெடி தங்கி, இரவு முழுவதும் மூக்கருகில் இருக்கும். தலையணைப் பைக்குள் உலர்ந்த வேப்பிலையும் வசம்புத் துண்டும் போதும்.

இன்னொரு விஷயம் கொசு. கூடத்தில் படுக்கிறவருக்குக் கொசு அதிகம். பால்கனிக் கதவு அங்கேதான் இருக்கும். உடனே கொசுவத்திச் சுருளை ஏற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுவார்கள். இது மகா அபாயம். ஸோபாவுக்குள் இருக்கும் ஃபோம் தீப்பிடித்தால் மளமளவென்று எரியும். அதன் புகை நெருப்பைவிடச் சீக்கிரம் ஆளைக் கொல்லும். சுருளை வீட்டில் வைக்கவே வைக்காதீர்கள். ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள். கட்டிலுக்குக் குடைபோல் விரியும் கொசுவலை ஒன்று வாங்கி வையுங்கள்.

கூடத்தில் ஓர் அறை

கட்டில் தயாராகிவிட்டது. அது நிற்கும் இடம் தயாரா?

இழுப்பு ரகம் முழுவதும் விரிந்தால், சுவரிலிருந்து ஏழரை அடிவரை வரும். பத்தடிக் கூடத்தில் பாக்கி இரண்டரை அடி. அதில் டீப்பாய் நின்றால் குளியலறைக்கு வழி அடைபட்டது. ஆகவே டீப்பாய் இரவில் எங்கே போக வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்து வைக்க வேண்டும். கட்டிலை விரித்து வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்து, கூடத்திலிருந்து குளியலறைக்கும் படுக்கையறைக்கும் ஒரு முறை நடந்து பாருங்கள். கால் எங்கே இடிக்கிறதோ அங்கே ஒரு சிறு இரவு விளக்குப் போடுங்கள்.

படுத்தபடியே கை எட்டும் தூரத்தில் ஒரு ஸ்விட்சும் ஒரு பிளக்கும் வேண்டும். ஆஸ்பத்திரியில் உள்ள நோயாளிக்காகக் காத்திருக்கும் குடும்பமானால், கைப்பேசி தலைமாட்டிலேயே இருந்தாக வேண்டும். எந்நேரமும் அழைப்பு வரலாம். நோயாளி வீட்டுக்கே வந்துவிட்டால், அவர் கையருகில் கம்பியில்லாத அழைப்பு மணி ஒன்றை வையுங்கள். விலை சொற்பம். ஆனால் கூடத்தில் படுத்திருப்பவர் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்க வேண்டிய அவசியம் அதனால் தீர்ந்துவிடுகிறது.

வெளிச்சத்துக்குக் கனத்த திரை, மானத்துக்கு ஒரு மறைப்பு. சமையலறைக்குப் போகிறவர்களெல்லாம் தன்னைத் தாண்டித்தான் போகிறார்கள் என்றால் ஒரு பெண்மணி நிம்மதியாகக் கால் நீட்டிப் படுக்க மாட்டார். கூரையில் ஒரு தண்டு அடித்துத் திரை தொங்கவிட்டால், ஐந்து நிமிஷத்தில் கூடம் அறையாகிவிடும்.

யாருக்கு இந்தக் கட்டில் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இது தாழ்வானது. முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர் தாழ்ந்த இடத்தில் உட்கார்ந்து எழுவது சிரமம். மார்பெலும்பைத் திறந்து இருதய அறுவை செய்துகொண்டவர், சில வாரங்களுக்குக் கையை ஊன்றி எழக் கூடாது என்று டாக்டர்களே சொல்லி அனுப்புகிறார்கள். இவர்களுக்கு உயரமான கட்டிலே வேண்டும். நோயாளி வருகிறார் என்று தெரிந்தால் முதலிலேயே கேட்டு, "உள்கட்டில் அவருக்கு" என்று சொல்லிவிடுங்கள். வயதானவர்தான் கூடத்தில் படுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால், பிடித்துக்கொண்டு எழ வசதியாக, ஆடாத நாற்காலி ஒன்றைப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

வருமுன், வந்த பின், போன பின்

வருமுன் ஒரு கேள்வி: "எத்தனை பேர்?" என்பதோடு நிறுத்தாமல், "எத்தனை படுக்கை?" என்றும் கேளுங்கள். இரண்டு பேர் என்றால் தம்பதிகள் என்று அர்த்தமில்லை. தாயும் மகனுமாக இருக்கலாம். ஒரே ஆபீஸ் நண்பர்களாக இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு மேல் வருகிறவர்களுக்குக் கட்டிலை விரித்தே வைத்துவிடுங்கள். இரண்டு நாள் ரெயிலில் வந்தவர்களிடம் நள்ளிரவில் இரும்புச் சட்டத்தோடு மல்யுத்தம் செய்யச் சொல்வது நியாயமல்ல.

வந்த பின் ஒரு முறை விரித்து, மடக்கிக் காட்டுங்கள். பாஷை தெரியாதவர்களுக்காக நான்கு படங்கள் வரைந்து சுவரில் ஒட்டிவிடலாம். விரல் நசுங்கும் இடத்தை மட்டும் சிவப்பு மையில் காட்டுங்கள். குழந்தைகள் அருகில் இருக்கும்போது மடக்கவே கூடாது. காஸ்ட்ரோவின் விளம்பரத்தை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வயதுச் சிறுமி வேண்டாம். உங்கள் வீட்டில் பலம் குறைந்தவர் யாரோ, அவர் ஒற்றை ஆளாக விரிக்க முடிகிறதா? முடியாவிட்டால் கட்டிலைப் பழுது பாருங்கள். முடியாதவர்கள், சிரமம் கொடுப்பானேன் என்று மடக்கிய ஸோபாவிலேயே முடங்கிப் படுத்துவிடுவார்கள்.

போன பின் உடனே மடக்கிவிடாதீர்கள். ஓர் இரவு வியர்வையை வாங்கிய மெத்தையை அப்படியே மடித்து மூடினால், சென்னையின் ஈரக் காற்றுக்குப் பூசணம் பிடித்துப் புழுங்கல் நாற்றம் அடிக்கும். விசிறியைப் போட்டு, நாலைந்து மணி நேரம் விரித்தபடி விட்ட பிறகே மடக்க வேண்டும்.

ஒரு ராத்திரிப் பரீட்சை

"எங்கள் வீட்டுக்கு எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். ஸோபாவைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை" என்பார்கள் வீட்டுக்காரர்கள். வாஸ்தவந்தான். ஆனால் நட்சத்திரம் போடுகிறவர் யார்? கைப்பேசியில் வீட்டைப் பிடித்த மகன். அவர் எங்கே படுத்தார்? படுக்கையறையில். கூடத்தில் படுத்த தாயாரிடம் யாரும் நட்சத்திரம் கேட்பதில்லை. கேட்டாலும், "நன்றாய்த் தூங்கினேன், அப்பா" என்றுதான் சொல்வார். பிள்ளை மனசு நோகக் கூடாது. பணம் கொடுத்து எடுத்த வீடு. நோயாளியின் கவலை வேறு. இந்தக் கட்டிலைப் பற்றிய புகார் வீட்டுக்காரர் காதுக்கு வந்து சேரவே சேராது.

அதனால் அவரே போய்த் தெரிந்துகொள்ள வேண்டும். வருஷத்தில் ஓர் இரவு அந்த ஸோபாக் கட்டிலில் படுக்கட்டும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வது பரீட்சை ஆகாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை. விருந்தாளிக்குக் கொடுக்கும் அதே மெத்தை, அதே விரிப்பு, அதே விசிறி. படுக்கையறை ஏ.ஸி.யின் குளிர்ச்சி கூடத்துக்கு வருகிறதா, பக்கத்தில் இருக்கும் குளிர்பெட்டி எத்தனை மணிக்கு முனகுகிறது, தெருவிளக்கு எந்த இடுக்கு வழியாகக் கண்ணில் விழுகிறது, ஐந்து மணிக்குத் தண்ணீர் மோட்டார் போடும் சத்தம் எப்படி இருக்கிறது, எல்லாம் ஒரே இரவில் விளங்கிவிடும். முதுகு சொல்லும் விமரிசனத்தைவிட உண்மையான விமரிசனம் கிடையாது.

காலையில் அவர் எழுந்து, பஞ்சு மெத்தைக்கு அளவு கொடுக்கத் தையற்காரரைத் தேடிப் போனால் பரீட்சையில் தேறினார் என்று அர்த்தம். "ஒரு நாள்தானே, பரவாயில்லை" என்று சொன்னால், மறுபடியும் படுக்கட்டும். ஏனென்றால் அங்கே வருகிற தாயார் படுக்கப் போவது ஒரு நாள் அல்ல, பத்து நாள். பத்து நாளும் காலையில் எழுந்து ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டும்.